சில நிமிடமே வாழும் செய்தி

1950களின் கடைசியில் உயிரியலாளர்களைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இது. மரபுச் செய்தி இருப்பது டி.என்.ஏ.வில். புரதம் தயாராவது ரைபோசோம் என்ற நுண்துகளில். நடுவே செய்தியைச் சுமப்பது யார்? ரைபோசோமிலேயே ஆர்.என்.ஏ. மிகுதியாக இருந்ததால், ஒவ்வொரு மரபணுவும் தனக்கென ஒரு ரைபோசோமை உண்டாக்கிக்கொள்கிறது என்றே பலரும் நம்பினார்கள்.

1960 ஏப்ரல் 15, புனித வெள்ளி. பாரிஸிலிருந்து கேம்பிரிட்ஜ் வந்திருந்த உயிரியலாளர் பிரான்சுவா ஜாக்கோப், அங்கே தன் குழு செய்த சோதனையை விவரித்தார். பாக்டீரியாவுக்குள் புது மரபணு நுழைந்த சில நிமிடங்களிலேயே அதற்குரிய நொதி முழுவேகத்தில் உற்பத்தியாகிறது. புது ரைபோசோம் கட்டிமுடிக்க அவகாசமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த சிட்னி பிரென்னருக்கும் பிரான்சிஸ் கிரிக்குக்கும் சட்டென்று பொறி தட்டியது. வைரஸ் தாக்கிய பாக்டீரியாவில், வைரஸின் டி.என்.ஏ.வைப் போன்ற சேர்க்கை கொண்ட ஓர் ஆர்.என்.ஏ.வை வோல்கின், அஸ்ட்ராகான் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே கண்டிருந்தார்கள். தூதன் அதுதான்! கண்டவர்களுக்கே அது பிடிபடாமல் போனது, பாவம்.

ஆக, ரைபோசோம் வெறும் முறுக்கு நாழி. தூதன் என்ற வில்லையை மாற்றினால் அதே நாழியில் தேன்குழலும் வரும், ஓமப்பொடியும் வரும்.

இதை நிரூபிக்க ஜூன் மாதம் பிரென்னரும் ஜாக்கோப்பும் கலிஃபோர்னியாவில் உயிரியலாளர் மெசல்சனின் ஆய்வகத்துக்குப் போனார்கள். கனமான ஐசோடோப்புகளை ஊட்டி பாக்டீரியாவை வளர்த்து, வைரஸை ஏவி, உடனே சாதாரண ஊட்டத்துக்கு மாற்றுவது திட்டம். பழைய ரைபோசோம் கனமாக இருக்கும், புதிது இலேசாக இருக்கும். சீசியம் குளோரைடு கரைசலில் வைத்துச் சுழற்றினால் இரண்டும் பிரிந்து நிற்கும். ஆனால் ரைபோசோம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஊருக்குத் திரும்பும் நாளும் நெருங்கியது. சலித்துப்போய்க் கடற்கரையில் கிடந்தபோது பிரென்னர் துள்ளியெழுந்து மக்னீசியம், மக்னீசியம் என்று கத்தினார். ரைபோசோமின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது மக்னீசியம். அளவுக்கு மீறிய சீசியம் அதை விரட்டிவிட்டிருக்கிறது. ஓடிப்போய் மக்னீசியத்தைக் கூட்டினார்கள். வைரஸின் புது ஆர்.என்.ஏ. பழைய, கனமான ரைபோசோம்களில் ஒட்டி நின்றது.

இந்தத் தூது ஆர்.என்.ஏ. அதுவரை எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம், அதன் அற்பாயுள். பாக்டீரியாவில் பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வீண்செலவு என்று தோன்றலாம். எனக்கு இதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. லாக்டோஸ் கிடைத்தால் அதை உடைக்கும் நொதிக்குச் செய்தி எழுதப்படுகிறது. தீர்ந்துபோனால் எழுதுவது நிற்கிறது, இருக்கும் செய்தியும் கரைந்து, உற்பத்தி தானே அடங்குகிறது. செய்தி அழியாமல் கிடந்தால் செல் வேண்டாத நொதியைச் செய்துகொண்டே இருக்கும். ஃபைசரின் கொரோனா தடுப்பூசியில் இருந்ததும் தூது ஆர்.என்.ஏ.தான். அதைச் சிதையாமல் காக்கத்தான் மைனஸ் 70 டிகிரிக் குளிர் தேவைப்பட்டது.