மார்க் சொல்லாத சேதி

டல்லாஸில் என்னோடு வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் போன மாதம் புலம்பினார். "தம்பி, பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. ஆனா அமெரிக்க வரலாறு ரெண்டு பாடம், அரசியல் ரெண்டு பாடம் கட்டாயமாம். இதுக்கும் நான்தானே ஃபீஸ் கட்டறேன்?"

கேள்வியில் தப்பில்லை. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் படித்தாலும் 42 கிரெடிட் பொதுக்கல்வி உண்டு. மொத்தமே சுமார் 120 கிரெடிட்தான். சிந்திப்பது, எழுதிப் பேசிப் புரியவைப்பது, எண்களைக் கையாள்வது, குழுவாக வேலை செய்வது, சமூகப் பொறுப்பு, தனிமனிதப் பொறுப்பு என ஆறு திறன்கள் இதில் வர வேண்டும் என்கிறது மாநிலம்.

சரி, வந்ததா என்று எப்படித் தெரியும்? மார்க் மட்டும் போதாது. வரலாற்றில் 'ஏ' வாங்கியவர் நன்றாக மனப்பாடம் செய்தவராகவும் இருக்கலாம்.

நான் இங்கே எம்.எஸ். படித்தபோது, இதை அளக்கும் அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். பல வகுப்புகளிலிருந்து கட்டுரைகளை எடுத்து, பெயரை மறைப்போம். அந்தப் பாடத்தை நடத்தாத இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியாகப் படிப்பார்கள். பிரச்சினையை விளக்கினாரா, ஆதாரம் காட்டினாரா, முடிவு அதிலிருந்து வருகிறதா என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை போடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-ல் கொண்டுவந்த 'வேல்யூ' அளவுகோல்கள் இப்படிப்பட்டவைதான். இது மாணவருக்குப் போடும் மார்க் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போடும் மார்க்.

என் நான்கு வருட பி.இ.யில் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? பதில் வேலைக்குப் போனபிறகு தெரிந்தது. ஒரு ராத்திரி சர்வர் படுத்துவிட்டது. கோளாறை அரைமணியில் பிடித்தேன். அறிக்கை எழுத மூன்று நாள் ஆனது. அதையும் மேனேஜர் திருப்பி அனுப்பினார்: "என்ன நடந்துச்சுன்னு இருக்கு. இதுதான் காரணம்ங்கறதுக்கு ஆதாரம் எங்கே?"

2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனது. நம் பொறியியல் கல்லூரிகளும் அங்கீகாரம் வாங்க இந்தத் திறன்களை அளந்து காட்ட வேண்டும். ஊரில் வாத்தியாராக இருக்கும் நண்பனைக் கேட்டால் சிரிக்கிறான்: "மார்க்கை எக்செல்ல போட்டா பர்சென்ட் தானா வந்துடும்டா."

இங்கேயும் ஃபைலில் தூங்கும் அறிக்கைகள் உண்டு. ஆனால் நான் இருந்தபோது ஆதாரம் காட்டுவதில் மதிப்பெண் குறைந்தது. அடுத்த வருடமே அந்த வகுப்புகளில் கட்டுரையை முதல் வரைவு காட்டித் திருத்திய பிறகே தர வேண்டும் என்று மாற்றினார்கள். அளந்த பிறகு வகுப்பறையில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. ஒன்றும் மாறவில்லை என்றால் அளந்தது வீண்.

சீனியரிடம், "பொண்ணு எழுதின கட்டுரையை ஒருதடவை வாங்கிப் படிங்கண்ணே" என்றேன். நேற்று சொன்னார்: "வரலாறு படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டேன் தம்பி. 'ஒண்ணும் ஆகாதுங்கறதுக்கு என்ன ஆதாரம்ப்பா?'ன்னு திருப்பிக் கேக்கறா!"

ஃபீஸ் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.