அந்தச் செல் ஆணா, பெண்ணா?

புது மருந்து ஒன்று கல்லீரலைக் கெடுக்குமா என்பதை மனிதர்களிடம் போகும் முன் ஆய்வகத்தில் வளரும் செல்களில் பார்ப்பார்கள். அதற்கு உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெப் ஜி2 என்ற செல் லைன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்களின் வம்சம் அது. கூடவே பயன்படும் ஹெப் 3பி, 8 வயதுச் சிறுவனுடையது. இந்த இரண்டிலும் ஒரு மருந்து தேறினால், இரண்டு பையன்களின் செல்களில் தேறியிருக்கிறது. பெண்ணின் கல்லீரல் செல்லை அது இன்னும் பார்க்கவே இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் எந்த உயிரினம், எந்த உறுப்பு, செல் வளரும் திரவமான மீடியா எது என்றெல்லாம் எழுதுவார்கள். ஆணா பெண்ணா என்பது பல கட்டுரைகளில் இருக்காது. ஆண், பெண் வித்தியாசம் ஹார்மோனால்தானே வருகிறது, செல் வளரும் ஃபிளாஸ்க்குக்குள் ஹார்மோன் ஏது என்ற பழைய நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை நிற்கவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் எலிகளின் நரம்பு செல்களை ஆண், பெண் என்று தனித்தனியே வளர்த்துப் பட்டினி போட்டார்கள். ஆண் செல்கள் தம்மையே செரித்துக்கொண்டு சீக்கிரம் மடிந்தன. பெண் செல்கள் கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்த்துவைத்து அதிக நேரம் தாக்குப்பிடித்தன. 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பாலின ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கும் முன்பே, பத்தரை நாள் சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்த செல்கள்கூட நச்சுப் பொருள்களுக்கு ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் எதிர்வினை காட்டின.

இந்த வித்தியாசத்தின் வேர் குரோமோசோமில் இருக்கிறது. பெண் செல்லின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடும் என்று மரபியலாளர் மேரி லயன் 1961-ல் சொன்னார். ஆனால் அடங்கிய எக்ஸில் ஏறத்தாழ 15 சதவீத மரபணுக்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. வைரஸை அடையாளம் காணும் டிஎல்ஆர்7 மரபணு சில நோயெதிர்ப்பு செல்களில் இப்படித் தப்புகிறது. நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் பெண்களை அதிகம் தாக்குவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

ஃபிளாஸ்க்கில் ஹார்மோன் இல்லை என்பதும் சரியல்ல. மீடியாவுக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயம் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்து மார்பகப் புற்று செல்களைத் தூண்டுவது 1986-லேயே தெரியவந்தது. செல்களுக்கு ஊட்டும் மாட்டுக்கன்றுக் கருவின் சீரத்திலும் ஹார்மோன்கள் உண்டு.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், நிதி கேட்பவர்கள் பாலினத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2014-ல் அறிவித்து 2016-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நல்ல விதிதான். ஆனால் ஓர் ஆண் லைன், ஒரு பெண் லைன் என்று வாங்கி வைத்தால் கடமை முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த இரண்டும் இரண்டு வேறு மனிதர்களுடையவை; வித்தியாசம் பாலினத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று தெரியாது. அதோடு, வளர வளரச் செல்கள் மாறுகின்றன. ஆண் லைன்கள் பல, ஒய் குரோமோசோமையே இழந்துவிடுகின்றன. பெண் கருவிலிருந்து வந்த ஹெக் 293 என்ற லைன் பல ஆய்வகங்களில் மூன்று எக்ஸ்களோடு வளர்கிறது. செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிஎன்ஏ சோதனையில் அமெலோஜெனின் மரபணுவையும் பார்ப்பார்கள். சோதிக்கும் பகுதி எக்ஸில், ஒய்யில் இருப்பதைவிட ஆறு டிஎன்ஏ எழுத்து குட்டை. ஒய்யைத் தொலைத்த ஆண் செல் அதில் பெண்ணைப் போலவே தெரியும். ஆகவே செல் யாரிடமிருந்து வந்தது, இப்போது அதில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் கட்டுரையில் எழுத வேண்டும்.

ரத்தக் குழாய் ஆய்வில் இன்னொரு சிக்கல். பல குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களை ஒன்றாகக் கலந்து ஒரே குப்பியில் விற்கிறார்கள். கலப்பில் எந்தக் குழந்தை எவ்வளவு என்பது குப்பிக்குக் குப்பி மாறும். அதில் ஆண், பெண் வித்தியாசத்தைத் தேடவே முடியாது. தனித்தனிக் குழந்தைகளின் செல்களும் விற்பனைக்கு உண்டு. ஆய்வாளர்கள் அவற்றையே கேட்டு வாங்கலாம்.