அலமாரியில் மாறும் பெயர்கள்

வீட்டில் அரிசிக்கு ஒரு டப்பா. பருப்புக்கு ஒரு டப்பா. மிளகாய்த் தூளுக்கு ஒரு டப்பா. இடம் தெரிந்தால் இருட்டிலும் கை தானாகப் போகும். புதிய பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். சில சமயம் பழைய டப்பாவின் பெயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

நூலகமும் இப்படித்தான். புத்தகத்தின் முதுகில் சிறு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். அதற்குப் பகுப்பு எண் என்று பெயர். ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்களுக்கு ஒரே எண். அவை ஒன்றாக நிற்கும்.

இந்த எண்கள் எப்படி வந்தன? 1876-ல் அமெரிக்காவில் மெல்வில் டியூவி என்பவர் ஒரு முறையை வெளியிட்டார். எல்லா அறிவையும் பத்து வகுப்புகளாகப் பிரித்தார். சமயம் 200. சமூகம் 300. அறிவியல் 500. தொழில்நுட்பம் 600. இலக்கியம் 800. வரலாறு 900. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் மேலும் பத்துப் பத்துப் பிரிவுகள். உலகில் பல நூலகங்கள் இந்த முறையில்தான் இன்றும் நடக்கின்றன.

ஒரு சுரங்கம், மூன்று அலமாரி

நம் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். பாறையை எப்படி வெட்டுவது என்று சொல்லும் புத்தகம் 622-ல் நிற்கும். அது சுரங்கத் தொழில். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து நம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதைப் பற்றிய புத்தகம் 331-ல் நிற்கும். அது உழைப்பு, கூலி, சங்கம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நம் ஊரின் கதையைச் சொல்லும் புத்தகம் 954.87-ல் நிற்கும். அது கர்நாடக வரலாறு.

சுரங்கம் ஒன்றுதான். கேட்கும் கேள்விதான் வேறு. கேள்வி மாறினால் அலமாரியும் மாறுகிறது.

பெண்களின் இடம்

கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறும். டியூவியின் பழைய பதிப்புகளில் பெண்களைப் பற்றிய புத்தகங்களுக்கு 396 என்ற எண் இருந்தது. அது பழக்க வழக்கங்கள் என்ற பகுதி. பக்கத்தில் 395 என்ன? மரியாதை முறைகள். 398 என்ன? நாட்டுப்புறக் கதைகள். பெண் என்றால் வழக்கம், சடங்கு, அடக்கம் என்று அன்று நினைத்தார்கள்.

பெண்கள் படித்தார்கள். வேலைக்குப் போனார்கள். ஓட்டு, சொத்து, கூலி பற்றி எழுதினார்கள். அந்தப் புத்தகங்கள் பழைய இடத்தில் பொருந்தவில்லை. 1979-ல் வந்த 19-ஆம் பதிப்பில் பெண்களுக்கு 305.4 என்ற எண் கிடைத்தது. அது சமூகக் குழுக்களின் பகுதி. பழைய 396 இன்று காலியாகக் கிடக்கிறது.

புதிய பொருளும் இப்படியே இடம் பிடிக்கும். 1876-ல் கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு அது வந்தது. புத்தகங்கள் குவிந்தன. 1985-ல் 004, 005, 006 ஆகிய எண்களில் அதற்குத் தனி இடம் செய்தார்கள்.

மாரிகுப்பத்தின் புத்தகங்கள்

சமய வகுப்பைப் பாருங்கள். 220 முதல் 280 வரை கிறிஸ்தவ சமயத்துக்கே. மற்ற எல்லாச் சமயங்களுக்கும் சேர்த்து 290 என்ற ஒரே பிரிவுதான். பழைய பதிப்புகளில் பிராமணியமும் பௌத்தமும் 294 என்ற ஒரே தலைப்பில் இருந்தன. இன்று பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5 என்று பிரிந்து நிற்கின்றன.

இதில் நமக்கு என்ன? அயோத்திதாசப் பண்டிதரை (1845–1914) நினைத்துப் பாருங்கள். பௌத்தம் வேறு, பிராமணியம் வேறு என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். அவருடைய பௌத்த சங்கத்துக்கு நம் மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் அதை வளர்த்தார்கள். அவருடைய நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது.

அவர் நூல்களை எந்த அலமாரியில் வைப்பது? சமயமா? சாதி ஒழிப்பா? வரலாறா? இலக்கியமா? 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துகளைத் தொகுத்தார். அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று தலைப்புகள் இட்டார். ஒரே மனிதரின் எழுத்துக்கு இத்தனை வாசல்கள். சமயம் என்று மட்டும் ஒட்டி வைத்தால், சாதியைப் பற்றிப் படிக்க வருபவர் கண்ணில் அது படாமலே போகும்.

எண்ணோடு பெயரும் மாறும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பொருள் தலைப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் முன்பு 'தீண்டத்தகாதவர்' என்ற பொருளுள்ள சொல் தலைப்பாக இருந்தது. இன்று 'தலித்துகள்' என்பதே தலைப்பு. முதல் பெயர் பிறர் வைத்தது. இரண்டாவது, மக்கள் தாங்களே எடுத்துக்கொண்டது.

வளரும் நூலகம்

நம் தமிழர் ஒருவர் இதை அன்றே யோசித்தார். அவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகம் உயிருள்ளது போல வளரும் என்றார். புதிய பொருள்களுக்கு இடம் விட்டு, கோலன் பகுப்பு என்ற முறையை 1933-ல் வெளியிட்டார். டியூவியில் ஆங்கில இலக்கியம் 820. தமிழ் இலக்கியமோ 894.811. ரங்கநாதன் முறையில் தமிழுக்கு எண் 31 மட்டுமே. 1962-ல் பெங்களூரில் நூலகப் பயிற்சி மையத்தையும் தொடங்கினார். 1972-ல் அங்கேயே காலமானார்.

எண் மாறினால் வேலை அதிகம். சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்ட வேண்டும். பட்டியலைத் திருத்த வேண்டும். புத்தகத்தை இடம் மாற்ற வேண்டும். எல்லா நூலகத்திலும் இது உடனே நடப்பதில்லை. பழைய புத்தகம் பழைய எண்ணிலும், புதியது புதிய எண்ணிலும் நிற்கும்.

ஆகவே தேடியது ஓர் அலமாரியில் இல்லை என்றால் திரும்பிவிடாதீர்கள். அதே பொருள் வேறு எந்தப் பெயரில் இருக்கும் என்று யோசியுங்கள். நூலகரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. எழுத்துக் கற்றவர்கள் கேட்கக் கேட்கத்தான் அலமாரிகள் மாறியிருக்கின்றன.

யோசிப்போம், பேசுவோம்

1. தங்கவயல் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோய் பற்றிய புத்தகத்தை எந்த அலமாரியில் வைக்கலாம்? ஏன்?

2. உங்கள் தெருவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினால் அதற்கு என்ன தலைப்பு கொடுப்பீர்கள்?