கம்பியைத் தொடும் முன் ரிவெட்டைப் பாருங்கள்

துணிக்கூரை போட்ட பழைய காரில் எல்லார் கண்ணும் துணி மேல்தான் இருக்கும். துணி கிழிந்தால் தைக்கலாம், புதிது வாங்கியும் போடலாம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டகம் வளைந்துவிட்டால்தான் தலைவலி. ஒரு பக்கக் கொக்கி முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும், மறுபக்கக் கொக்கி விரலளவு தள்ளி நிற்கும். இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டாலும் கதவுக் கண்ணாடிக்கு மேலே இடைவெளி விழுந்து, மழை நேராக மடியில் சொட்டும்.

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. ஆரம்பத்தில் இதற்கு இரண்டு விதமான கூரை கிடைத்தது. ஒன்றில் துணியையும் கம்பிகளையும் தனித்தனியே கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று இருக்கைக்குப் பின்னால் மடங்கி உட்காரும். 1970ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த மடிப்புக் கூரை வந்தது. நம் ஊருக்கு அவர் புதியவரல்ல. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவர் வரைந்த உருவம்தான்.

மடிப்புக் கூரையின் சட்டகம் பார்க்க எளிய சமாச்சாரம். இரண்டு பக்கமும் பட்டை இரும்புக் கரங்கள், அவற்றை இணைக்கும் குறுக்கு வளைவுகள், முன்னால் கொக்கிகளைத் தாங்கும் ஒரு தகட்டுச் சட்டம். ஆனால் ஒரு மூட்டுக்கும் அடுத்த மூட்டுக்கும் இடையே உள்ள நீளம்தான் கூரை எந்தப் பாதையில் எழுந்து எங்கே போய் அமரும் என்பதை முடிவு செய்கிறது. பின்பக்கத்துக் கரம் லேசாக வளைந்தால் அந்த நீளம் ஓரிரு மில்லிமீட்டர் குறையும். முன்முனைக்கு வரும்போது அதுவே பல மடங்காகிவிடும். வலமும் இடமும் குறுக்கு வளைவுகளால் கட்டுப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்துக் கோளாறு நல்ல பக்கத்தையும் சேர்த்து முறுக்கும்.

கரம் ஏன் வளைகிறது? மடித்த கூரை மேல் ஆள் உட்காருவதும், ஒரு கொக்கியை மறந்துவிட்டு வேகமாக ஓட்டும்போது காற்று தூக்குவதும் உண்டுதான். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூட்டைப் பிணைக்கும் ரிவெட் துருப்பிடித்திருக்கிறதா என்று. மழையில் நனைந்த கூரையை ஈரத்தோடு மடித்து வைத்தால் மூட்டு மெல்ல இறுகும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையை இழுப்பார். திரும்ப வேண்டிய மூட்டு திரும்பாது, பக்கத்தில் இருக்கும் கரம் வளைந்துகொடுக்கும். இந்த நிலையில் கரத்தை மட்டும் நிமிர்த்தினால் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் வளையும். எனவே ஒவ்வொரு மூட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாக அசைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் வண்டியின் உடம்பையே ஒருமுறை சோதிக்க வேண்டும். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. இரும்புக் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் பாரத்தைப் பெரிதும் தாங்குகிறது. அது துருவில் அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவின் மேல்முனை இடைவெளி ஒடுங்கும். முன்கண்ணாடிக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள தூரமே மாறிப்போன வண்டியில் கூரைச் சட்டகத்தின் மேல் பழி போடுவது அநியாயம்.

உடம்பு சரி என்று தெரிந்த பிறகு துணியைக் கழற்றிவிட்டுச் சட்டகத்தை விரித்து அளக்கலாம். முன்சட்டத்தின் இடது மூலையிலிருந்து வலப்பக்க அடிமூட்டு வரை ஒரு நூல், வலது மூலையிலிருந்து இடப்பக்க அடிமூட்டு வரை இன்னொரு நூல். இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டகம் கோணிவிட்டது. எந்தக் கரம் கெட்டது என்று கண்டுபிடிக்க, நல்ல பக்கத்துக் கரத்தை அட்டையில் வைத்து, மூட்டுத் துளைகளோடு வரைந்து வெட்டி, அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் அல்லவா!

பெண்டு எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டுக்கம்பியை ஓரிடத்தில் மடக்கி, பிறகு நிமிர்த்திப் பாருங்கள். மடங்கிய இடம் முழுதாக நிமிராது, அதன் இருபுறமும் புதிதாக நெளியும். வளைந்த இடத்தில் இரும்பு முன்பைவிடக் கெட்டியாகிவிடுவதுதான் காரணம். அதனால் கரத்தின் நுனியைப் பிடித்து நெம்பக் கூடாது. வளைவுக்கு மிக அருகிலேயே இருபுறமும் மரக்கட்டை கொடுத்து, வைஸில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். பிடியை விட்டதும் இரும்பு சிறிது பின்வாங்கும். ஆகவே நேர்கோட்டைச் சற்றே தாண்டி அழுத்தி, விட்டு, அட்டையில் வைத்துப் பார்த்து, மறுபடியும் அழுத்த வேண்டும். சுத்தியலை எடுப்பவர்கள் அவசரக்காரர்கள். அடி விழுந்த இடம் பட்டையாகி அகலும், துளை கோணலாகும். கூர்மையாக மடிந்துபோன இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தலாம். பிறகு தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். வார்ப்பு அலுமினியப் பாகங்கள் உள்ள வேறு கார்களில் இந்த வித்தை செல்லாது. அவை வளைவதைவிட வெடிக்கவே விரும்பும்.

ரிவெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வெல்டு வைத்து அடைத்து, அளவெடுத்துத் துளையிட வேண்டும். சாதாரண ரிவெட்டை இறுக்கி அடித்தால் மூட்டு மறுபடியும் உறையும். நடுவில் தடித்த படி உள்ள ரிவெட்டோ, அதே மாதிரி தோள் வைத்த போல்ட்டோ போட்டு, இடையில் பித்தளை வாஷர் கொடுத்தால் தலை இறுகினாலும் கரம் தாராளமாகத் திரும்பும்.

துணி போடாத வெறும் சட்டகத்தைப் பலமுறை மடித்து விரித்து, இரண்டு கொக்கிகளும் ஒரே சமயத்தில், வலிந்து இழுக்காமல் மாட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே புதுத் துணிக்குக் காசு செலவழிக்க வேண்டும். வினைல் துணி என்றால் வெயில் நாளில் போடுவது நல்லது, குளிரில் அது விறைத்து நீளாது. புதிதாகப் போட்ட கூரையை உடனே மடித்துக் காட்டச் சொல்லி நண்பர்கள் கேட்பார்கள். சில நாள் மூடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். துணி சட்டகத்துக்கு இழுபட்டுப் படிய அவ்வளவு அவகாசம் தேவை.