பெருநிழற்படங்களை இல்லத்தில் அச்சிடல்

பழைய மாணவர் இல்லங்களிலே ஆசிரியரும் மாணவரும் வரிசையாக அமர்ந்துள்ள குழுப்படம் ஒன்றேனும் சுவரில் இடம்பெற்றிருத்தல் வழக்கம். அப்படங்களுட் பல இன்று மங்கி வருகின்றன. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வின்போது வீட்டோடு கைவிடப்பட்டு அழிந்தனவும் உள. எஞ்சியவற்றைப் பிரதிசெய்து, முன்னையினும் பெரிதாக அச்சிட்டுப் பேணல் வேண்டும் என்னும் விருப்பம் எம்மவரிடையே காணப்படுகின்றது. அதன்பொருட்டு இல்லத்திலேயே ஓர் அச்சுப்பொறியை வைத்துக்கொள்ளலாமோ, கொள்வதாயின் எத்தகையதைத் தெரிதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் அறியவேண்டுவது அளவு. குறைபாடற்ற கண், ஓரடி தூரத்திலிருந்து நோக்குங்கால், ஓரங்குலத்துள் ஏறத்தாழ 290 புள்ளிகளை வேறுபிரித்துக் காணவல்லது. அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என வழங்கும் கணக்கு இதற்கு இயைந்ததேயாம். இரண்டடி தூரத்திலிருந்து நோக்குவார்க்கு அதிற் பாதியே போதும். 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமுமுள்ள குழுப்படம் ஒன்றை ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பதிவுசெய்தால், 6000க்கு 4800 புள்ளிகள் கிடைக்கும். இவற்றை 300ஆற் பிரிக்க, 20க்கு 16 அங்குலப் படம் பெறலாம். மூலத்தினும் நான்மடங்கு பரப்புடைய அப்படத்திலே கடைசி வரிசையில் நிற்பார் முகமும் எளிதிற் புலனாகும். ஆயின், மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எப்பொறியும் மீட்டுத்தர மாட்டாது. பழைய மலரொன்றில் அச்சாகிய படத்தைப் பெருப்பிப்போமாயின் முகத்தோடு அச்சுப்புள்ளிகளும் பெருத்துத் தோன்றும். ஆதலின், மூலப்படத்தையே, கிடைக்குமாயின் அதன் நெகற்றிவையே, தேடிப்பெறுதல் நன்று.

இனி, பொறியின் அகலத்தை நோக்குவாம். இல்லத்துக்கேற்ற ஒளிப்பட அச்சுப்பொறிகள் 13 அங்குலம், 17 அங்குலம் என இரு வகுப்பின. முன்னது 13க்கு 19 அங்குலத் தாளை ஏற்கும். பின்னது ஏ2 தாளை, அஃதாவது 16½க்கு 23⅜ அங்குலத் தாளை ஏற்கும். மேற்கூறிய 20க்கு 16 அங்குலப் படம் முன்னதில் அடங்காது. பின்னதிற் பக்கவாட்டிற் கால் அங்குல ஓரம் விட்டு அடங்கும். எப்சன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட பி-900, கனன் நிறுவனம் 2024இல் வெளியிட்ட புறோ-1100 என்பன இவ்வகுப்பிற்கு எடுத்துக்காட்டாவன. எப்சன் பொறியிற் சுருள்தாள் ஏந்தியைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். பள்ளி முழுவதையும் நிறுத்தி எடுத்த நீண்ட படங்களை அச்சிட விழைவோர்க்கு இது பெரிதும் பயன்படும்.

மூன்றாவது, மை. மை இருவகைப்படும். நீரிற் கரைந்து நிற்பது சாயமை. நுண்ணிய துகள்களாக மிதந்து, தாளின் மேற்பரப்பிற் படிவது நிறமி மை. சாயமை பளபளப்பும் செறிவும் மிக்கது. ஆனால் ஒளியாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் விரைவில் மங்கவல்லது. நிறமி மை நெடுங்காலம் நிற்கும். 1991இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிரகாம் நாஷ் என்னும் இசைக்கலைஞர் நிறுவிய அச்சகம், ஐரிஸ் என்னும் பெரும்பொறியினால் ஒளிப்படங்களைக் கலைப்படைப்புகளாக அச்சிட்டுப் புகழ்பெற்றது. எனினும், அக்காலத்து மைகள் எளிதில் வெளிறுவனவாயிருந்தன. அக்குறையை நீக்க முயன்றதன் பயனே இன்றைய நிறமி மைகள். பேணுதற்குரிய படத்தை நிறமி மையினால் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்துள் இடுதலே முறை.

எம் பழைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையின. சாம்பல் நிற மை இல்லாத பொறி, வண்ணங்களைக் கலந்தே சாம்பல் நிறத்தைத் தோற்றுவிக்கும்; அதனாற் படத்திற் பச்சையோ செம்மையோ தலைகாட்டுதல் கூடும். மேற்குறித்த இரு பொறிகளிலும் கறுப்போடு இருவகைச் சாம்பல் மைகளும் உள. ஆதலின், வாங்குமுன் மைகளின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அவற்றுட் சாம்பல் எத்தனை என்பதையும் வினவுதல் வேண்டும்.

நான்காவது, உழைப்பு. எப்சன் பொறிகளில் மின்னழுத்தத்தால் வளையும் பளிங்குகள் மையை உந்துகின்றன. கனன் பொறிகளில் வெப்பத்தால் எழும் குமிழி அதனை உந்துகின்றது. 1977இல் அந்நிறுவனத்து ஆய்வுகூடத்திலே சூடான பற்றாசுக்கோல் மை நிரம்பிய ஊசியிற் படவே, மை தெறித்ததைக் கண்டு இம்முறை பிறந்தது. எம்முறையாயினும் நுண்துளைகள் வழியாகவே மை வருகின்றது. பொறியைப் பலநாள் வாளாவிருக்க விட்டால் மை காய்ந்து துளை அடைபடும். அடைப்பை நீக்கும் ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த மை கழிவுக்கலத்திற் சென்று வீணாகும். வாரத்துக்கொரு படமேனும் அச்சிடுவோர்க்கே பொறி உகந்தது.

செலவைக் கணிக்குங்கால் பொறியின் விலையை மட்டும் நோக்குதல் போதாது. மைக்கூட்டின் கொள்ளளவையும் நோக்கி, ஒரு மில்லிலீற்றரின் விலையை ஒப்பிடல் வேண்டும். பி-900இன் கூடு 50 மில்லிலீற்றர், புறோ-1100இன் கூடு 80 மில்லிலீற்றர் கொள்வன. 13 அங்குல வகுப்பினதாகிய கனன் புறோ-300இன் கூடோ 14.4 மில்லிலீற்றரே கொள்ளும். விலை குறைந்த சிறுபொறி ஈற்றிற் செலவு மிக்கதாதல் இதனாலாம். வெளிநாட்டிலிருந்து பொறியை அனுப்ப எண்ணும் அன்பர் ஒன்று கருதுக: ஒரு நாட்டில் விற்ற பொறிக்கு மற்றொரு நாட்டு மைக்கூடு பொருந்தாமற் போதலும் உண்டு.

தாளும் கவனத்துக்குரியது. பருத்தித் தாள் நெடிது நிலைக்கும். ஈரம் மிக்க எம் நாட்டில் எத்தாளையும் உறையினின்றும் வேண்டுமளவே எடுத்து, எஞ்சியதை மூடிவைத்தல் நன்று. ஒவ்வொரு தாளுக்கும் உரிய வண்ணக்குறிப்புக் கோப்பினைக் கணினியில் நிறுவுதலும், திரையின் ஒளியைக் குறைத்துவைத்தலும் மறவற்க. திரை மிகப் பிரகாசமாயிருப்பின் அச்சுப்படம் இருண்டதுபோலத் தோன்றும்.

ஆகவே, ஆண்டுக்குச் சில படங்களே வேண்டுவோர் நல்லதோர் அச்சகத்தை நாடுதலே சிக்கனமாகும். ஒரு வகுப்பினர் பலர் கூடி, ஒருவர் பொறுப்பில் 17 அங்குலப் பொறியொன்றை இயக்குவாராயின் அது ஓயாமல் உழைக்கும், செலவும் பங்காகும்.

இறுதியாக ஒன்று. படத்தின்கீழ் வரிசைமுறையே பெயர்களையும் ஆண்டையும் சேர்த்து அச்சிடல் வேண்டும். முன்வரிசை ஆசிரியர்களையும் பின்வரிசை மாணவர்களையும் இன்னார் எனச் சுட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பொறி வாங்குவதைப் பின்னரும் செய்யலாம். அவர்களிடம் பெயர்களைக் கேட்டெழுதும் பணியை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக.