விளக்கு எத்தனை மணி நேரம் எரியும்?

1995ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற செல்கோ நிறுவனம், மின்வசதி குறைந்த சிற்றூர் வீடுகளில் சூரிய ஒளி விளக்குகளை அமைத்து வருகிறது. இப்பணிக்காக அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஹரிஷ் ஹந்தே 2011இல் மகசேசே விருது பெற்றார். பகலில் மின்னேற்றம் பெறும் பேட்டரியே இரவில் அவ்வீடுகளுக்கு ஒளி தருகிறது. அது நள்ளிரவுக்கு முன் ஓய்ந்தால், மறுநாள் தேர்வெழுதும் மாணவரின் படிப்பும் நின்றுவிடும். மின்தடையின்போது நகரத்து இன்வெர்ட்டருக்கும் இதே நிலைதான். எனவே, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என முன்கூட்டியே கணக்கிடுதல் நன்று.

மகிழுந்தின் பேட்டரியில் மெல்லிய ஈயத் தகடுகள் பல உள்ளன. அது வண்டியைக் கிளப்பச் சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டம் தரும். ஆழ்சுழற்சி பேட்டரியின் தகடுகள் தடித்தவை. ஆகவே அது சிறிது சிறிதாக நெடுநேரம் மின்சாரம் தரும்.

ஒரு வீட்டுப் பேட்டரியின் மீது ‘12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் எனக் கொண்டால், எஞ்சுவது 1440. மின்விசிறி 75 வாட், மூன்று விளக்குகள் 30 வாட், இணைய இணைப்புக் கருவி 15 வாட். ஆக மொத்தச் சுமை 120 வாட். 1440ஐ 120ஆல் வகுத்தால் 12 மணி நேரம் கிடைக்கும். ஆனால், ஈய பேட்டரியை முற்றிலும் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். பாதியளவே பயன்படுத்துவது நலம் என்பதால், சரியான மதிப்பீடு ஏறத்தாழ 6 மணி நேரமே.

சுமை இருமடங்கானால் நேரம் பாதியாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது பாதிக்கும் கீழே குறையும். விரைந்து எடுக்கும்போது பேட்டரியின் கொள்ளளவே சுருங்குகிறது. இதனை 1897இல் ஜெர்மானியரான பாய்கர்ட் சூத்திரமாக வகுத்தார். முதுமையும் கொள்ளளவைக் குறைக்கும். வெப்பமும் பகையே: வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். ஆதலால், வேலூரின் வெயிலைவிடப் பெங்களூரின் குளிர்ச்சி பேட்டரிக்கு உகந்தது. நீர் குறைந்தால் வாலைவடிநீரையே ஊற்ற வேண்டும். குழாய்நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

சொற்பொருள்: சுமை – கருவிகள் எடுக்கும் மின்திறன், வாலைவடிநீர் – காய்ச்சி வடித்த தூயநீர்.

பயிற்சி: மேற்கண்ட பேட்டரியில் சுமை 160 வாட் எனில், பாதியளவு பயன்பாட்டில் அது எத்தனை மணி நேரம் தாங்கும்? உம் வீட்டுக் கருவிகளைக் கொண்டும் கணக்கிட்டு எழுதுக.