உருவுதலும் கைத்தசையின் வலிமையும்

போட்டியிற் களைத்த வீரனின் கையைப் பிசைந்தும் உருவியும் விட்டால், தசையில் தேங்கிய இலற்றிக்கமிலம் அகன்று, இழந்த வலிமை மீளும் என்பது பயிற்சியாளர் பலரின் துணிபு. இதனைப் பிரித்தானியாவிற் சோதித்தோர் தம் முடிபை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொழில்முறை சாராத குத்துச்சண்டை வீரர் எண்மர் விசையளக்கும் கருவியொன்றைக் குத்தினர். பின்னர் ஒருமுறை உருவப்பெற்றும், மற்றொருமுறை வாளா ஓய்ந்திருந்தும், மீண்டும் குத்தினர். உருவப்பெற்றபோது களைப்பு மிகத் தீர்ந்ததாக அவர்கள் உணர்ந்தனர். குத்தின் விசையோ கூடவில்லை. குருதியிலுள்ள இலற்றிக்கமிலமும் விரைந்து குறைந்திலது.

ஆசிரியராகிய நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. களைப்பு நீங்கிற்று என மாணவன் மெய்யாகவே எண்ணிக் கூறுவான். அவன் தசை அதற்கு உடன்பட்டிராது. அச்சொல்லை நம்பி அவனை உடனே மீண்டும் குண்டெறிய விடுத்தல் தகுமா?

இனி, அவ்வமிலத்தை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகக் கொள்வதால், அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானே தணியும். மெல்லிய இயக்கம் அதனை விரைவுபடுத்தும். மறுநாள் எழும் நோவு அதனால் விளைவதன்று. பாரந்தாங்கி நீளும் தசையிழைகளில் நேரும் நுண்சிதைவால் விளைவது. அந்நோவை உருவுதல் சிறிது தணிக்கும் என, 29 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியோர் 2020இற் கண்டனர்; வலிமையிலோ வேகத்திலோ அவர் பயன் காணவில்லை.